வயிறு தொங்கும் வாத்து: முட்டையா, நீரா, கல்லீரலா?

சிங்கப்பூரின் சிராங்கூன் பகுதியில் தரைவீட்டில் இருக்கும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்:

"வீட்டுப் பின்புறத்தில் வலை அடித்து இரண்டு பெண் வாத்துகள் வளர்க்கிறோம். மூத்தவள் அல்லி, வெள்ளை பெக்கின், மூன்று வயது. மூன்று வாரமாக அவள் வயிறு கால்களுக்கு நடுவே தொங்குகிறது, இடப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக. தொட்டால் பிசைந்த சப்பாத்தி மாவு மாதிரி இருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறாள். இரண்டு மாதத்துக்கு முன் ஓடில்லாத சில தோல்முட்டைகள் போட்டாள், அப்புறம் முட்டையே இல்லை. ஆனாலும் தினமும் காலையில் வைக்கோலில் போய் உட்கார்ந்துவிட்டு எழுந்து வருகிறாள். மாமியார் 'வெறும் கொழுப்பு' என்கிறார். பக்கத்து வீட்டு அங்கிள் 'நீர் கோர்த்திருக்கு, ஊசியால் இறக்கிவிடலாம்' என்கிறார், காணொளி பார்த்தாராம். முட்டை உள்ளே மாட்டிக்கொண்டதோ என்பது என் பயம். பாம்பு வந்துவிடக் கூடாதே என்று இரவு பதினொரு மணிவரை பின்கட்டு விளக்கை எரியவிடுகிறோம். வலது காலில் ஒரு வருடமாகக் கறுப்பாக ஆணி இருக்கிறது, அது இதோடு சம்பந்தப்பட்டதாகத் தெரியவில்லை. இன்னொரு வாத்தைப் பிரித்து வைக்கட்டுமா? அல்லி பிழைப்பாளா?"

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஊசி விஷயம். அங்கிள் நல்ல மனிதராகத்தான் இருப்பார், உதவி செய்யத்தான் சொல்கிறார். ஆனால் அந்த ஊசியை அல்லியின் அருகில் கொண்டுவர விடாதீர்கள். நமக்கு நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்ற தசைத்தடுப்பு உண்டு. பறவைக்கு அப்படி ஒன்று கிடையாது. நுரையீரலிலிருந்து கிளம்பும் காற்றுப்பைகள் வயிறு வரைக்கும் நீண்டிருக்கும். குத்துகிற இடம் கொஞ்சம் தவறினாலும் ஊசி காற்றுப்பையைக் கிழிக்கும், வயிற்று நீர் அதற்குள் இறங்கும், வாத்து உங்கள் மடியிலேயே மூச்சுத் திணறிப்போகும். குடலைக் குத்திவிட்டால் அது வேறு கதை. விலங்கு மருத்துவர்களான நாங்களே ஸ்கேனில் பார்த்துக்கொண்டுதான் குத்துகிறோம். அப்போதும் இருக்கிற நீர் முழுவதையும் ஒரே தடவையில் எடுப்பதில்லை, மூச்சு இலகுவாகும் அளவுக்கு எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறோம்.

அதே காரணத்தால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வயிற்றைப் பார்க்கவேண்டும் என்று அல்லியை மல்லாக்கப் புரட்டிப் பிடிக்காதீர்கள். உள்ளே நீரோ கட்டியோ இருந்தால் அத்தனை எடையும் காற்றுப்பைகளின்மேல் விழும்.

சரி, உள்ளே என்னதான் இருக்கிறது? உங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று பதில் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றுமே வாத்துக்கு வரக்கூடியவைதான், எதையும் முட்டாள்தனம் என்று தள்ள முடியாது. வயிறு பெருப்பது ஓர் அடையாளம் மட்டும்தான். முட்டையால் பெருக்கும், நீரால் பெருக்கும், வீங்கிய கல்லீரலால் பெருக்கும், கட்டியால் பெருக்கும், வயிற்றுத்தசை கிழிந்து குடல் பிதுங்கினாலும் பெருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இவை எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் உங்கள் கடிதத்தில் இருக்கும் சின்னச் சின்ன விவரங்களை வைத்து ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்போம்.

மாமியார் சொன்ன கொழுப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். பெக்கின் இறைச்சிக்காகப் பெருக்கப்பட்ட இனம், சட்டென்று சதை போடும். முட்டையிடும் பருவத்தில் பெண் வாத்தின் வயிறு அகன்று தளர்வதும் இயற்கை. ஆனால் கொழுப்பு மூன்று வாரத்தில் இப்படி இறங்காது, ஒரு பக்கமாகவும் சாயாது. நீங்களே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அல்லி நிற்கும்போதே பின்னாலிருந்து கையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, நடுவில் ஓடும் மார்பெலும்பை விரலால் தடவுங்கள். இருபுறமும் சதை நிரம்பி, எலும்பு விளிம்பு மட்டும் லேசாகத் தட்டுப்பட்டால் உடம்பில் சத்து இருக்கிறது. எலும்பு கூர்மையாகத் துருத்தி, இரண்டு பக்கமும் குழிந்திருந்தால் வயிறு ஏற ஏற உடம்பு கரைகிறது என்று அர்த்தம். நிறையப் பேர் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். வயிறு கனப்பதால் எடை குறையவே இல்லை என்று தராசு காட்டும், உள்ளே தசை வற்றிக்கொண்டிருக்கும்.

"நன்றாகச் சாப்பிடுகிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து நிம்மதி அடையவேண்டாம். நோயைக் காட்டிக்கொள்ளும் பறவை கூட்டத்தில் முதலில் இரையாகும், அதனால் முடிந்தவரை மறைக்கும். தீவனத் தட்டுக்கு ஓடி வருவாள், நாலு தடவை அலகை வைப்பாள், ஆனால் உள்ளே போவது குறைவாக இருக்கும். ஒருநாள் அவளுக்குத் தனித் தட்டு வைத்து, போட்டதையும் மிஞ்சியதையும் நிறுத்துப் பாருங்கள். எச்சத்தையும் பாருங்கள். வெள்ளையாக இருக்கவேண்டிய பகுதி பச்சையாக இருந்தால் கல்லீரலைப் பற்றி யோசிக்கவேண்டும்.

அடுத்து உங்கள் பயம். ஓட்டோடு கூடிய முட்டை உள்ளே மாட்டிக்கொண்டால் அது மூன்று வாரம் இழுக்கிற விஷயமில்லை. ஒருநாள், இரண்டு நாளுக்குள் வாத்து முக்கும், வாலை மேலும் கீழும் ஆட்டும், எழுந்து நிற்கச் சிரமப்படும், ஒரு மூலையில் ஒடுங்கிவிடும். அல்லி அப்படி இல்லை. அதனால் விளக்கெண்ணெய் தடவுவது, வாயில் எண்ணெய் ஊற்றுவது, பின்துளையில் விரல்விட்டுப் பார்ப்பது எதுவும் வேண்டாம். வாயில் ஊற்றும் எண்ணெய்க்கு முட்டைக்குழாய்க்குப் போக வழியே இல்லை, மூச்சுக்குழாய்க்குத்தான் உண்டு.

ஆனாலும் உங்கள் உள்ளுணர்வு முழுக்கத் தப்பு என்று சொல்லமாட்டேன். முட்டை சம்பந்தப்பட்டதுதான் என்றே எனக்கும் முதலில் தோன்றியது. காரணம், நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி: முட்டையே போடாத வாத்து தினமும் காலையில் வைக்கோலில் போய் உட்கார்ந்துவிட்டு எழுந்து வருகிறது. வாத்துகள் பெரும்பாலும் விடிகாலையில்தான் முட்டையிடும். அந்த நேரத்துக்கு அவள் உடம்பு இன்னும் அவளைக் கூட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. சினைப்பை வேலை செய்கிறது, முட்டை மட்டும் வெளியே வரவில்லை. அப்படியானால் அது எங்கே போகிறது?

பெண் பறவைக்குப் பொதுவாக இடப்பக்கச் சினைப்பையும் இடப்பக்க முட்டைக்குழாயும் மட்டுமே வேலை செய்யும். சினைப்பை மஞ்சள்கருவை விடுவிக்க, குழாயின் வாய் அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வெள்ளைக்கரு, சவ்வு, ஓடு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஏறக்குறைய ஒருநாளில் முட்டை தயாராகும். குழாயில் கிருமி புகுந்து வீங்கினாலோ அடைத்துக்கொண்டாலோ மஞ்சள்கரு வாய்க்குள் விழாமல் வயிற்றுக்குள் விழும். ஒன்றிரண்டு என்றால் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். தினம் ஒன்று விழுந்தால் வயிற்றுச் சவ்வு அழன்று நீர் சுரக்கும், கிருமியும் சேர்ந்தால் சீழாகும். சில சமயம் முட்டைச் சரக்கு குழாய்க்குள்ளேயே பாலாடைக்கட்டிபோல இறுகி, அடுக்கடுக்காகப் பெருத்து, இடப்பக்கம் மேடாகத் தெரியும். முன்னோட்டமாகத் தோல்முட்டைகள் வருவதும் உண்டு. உங்கள் கடிதத்தில் இத்தனையும் இருக்கிறது.

விளக்கையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். நாம் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஒரு டிகிரிக்குச் சற்றுக் கூடுதலான இடத்தில் இருக்கிறோம். சிங்கப்பூரில் வருடம் முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம், காலை ஏழையொட்டி விடியல், மாலை ஏழையொட்டி அந்தி. குளிர்நாட்டு வாத்துக்குப் பகல் சுருங்கும்போது உடம்பு தானாக முட்டையை நிறுத்தி ஓய்வெடுக்கும். நம் ஊர் வாத்துக்கு அந்த ஓய்வு கிடைப்பதே அரிது. அதற்குமேல் நீங்கள் பதினொரு மணிவரை விளக்கு போட்டால் அவளுக்கு 16 மணி நேரப் பகல். முட்டைப் பண்ணையில் உற்பத்தியைக் கூட்ட வேண்டுமென்றே வைக்கிற வெளிச்சம் அது. பாம்புக்கு விளக்கு காவல் இல்லை. கண்ணி சிறிய கம்பிவலையும், அடியில் இடைவெளி இல்லாத கதவும்தான் காவல். இன்றைக்கே விளக்கை அணைத்துவிடுங்கள். முடிந்தால் மாலை ஐந்து, ஐந்தரைக்கே இருட்டான, காற்றோட்டமுள்ள இடத்தில் அடைத்து, காலை எட்டுக்குத் திறந்துவிடுங்கள்.

இதோடு முடித்திருந்தால் நானும் முட்டைக்கோளாறு என்று சொல்லிவிட்டு எழுந்திருப்பேன். ஆனால் கடைசியில் அந்தக் கால் ஆணியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சம்பந்தம் இருக்கலாம். வாத்து வைத்திருப்பவர்களில் பலருக்கு இது புதிதாக இருக்கும் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

அந்தக் கறுப்புப் பொருக்கு மனிதர்களுக்கு வரும் ஆணி அல்ல. சிமெண்டுத் தரையிலும் டைல்ஸிலும் கனத்த உடம்போடு நடந்து நடந்து பாதத்தோல் தேய்ந்து, அதில் கிருமி இறங்கிய புண். மேலே பொருக்கு மூடியிருக்க அடியில் சீழ் கெட்டியாகிக் கிடக்கும். ஒரு வருடமாக இருக்கிறது என்றால் ஒரு வருடமாக உடம்பு அதோடு மல்லுக்கட்டுகிறது. உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் கல்லீரல் ஒருவகைப் புரதத்தை அதிகமாகச் சுரக்கும். மாதக்கணக்கில் இது நீடித்தால் அந்தப் புரதம் கரையாத இழைகளாக மாறி, கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் ஆகியவற்றில் படியத் தொடங்கும். அமிலாய்டு நோய் என்பது இதுதான். வாத்து, அன்னம் போன்ற நீர்ப்பறவைகளுக்கு மற்றப் பறவைகளைவிட இது அதிகம் வரும், அவற்றிலும் பெக்கின் பெயர்போனது. கல்லீரல் வீங்கி இறுகும், ரத்தம் அதன் வழியாகப் போகமுடியாமல் நீர் கசிந்து வயிற்றில் தேங்கும். அங்கிள் சொன்ன நீர் இந்த வழியாகவும் வரலாம்.

கல்லீரல் என்றதும் நான் கேட்கும் இன்னொரு கேள்வி, தீவன மூட்டை எங்கே இருக்கிறது? பின்கட்டில் வாய் திறந்த சாக்கில் என்றால் அதை இன்றே தூக்கிப்போடுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் சோளமும் கடலைப் பிண்ணாக்கும் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணம் விடும் அஃப்ளாடாக்சின் கல்லீரல் நஞ்சு, அதை வாத்துபோலத் தாங்கமுடியாத உயிரினம் குறைவு. 1960ல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டங்கூட்டமாகச் செத்துத்தான் இந்த நஞ்சே கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது வாத்துக்குஞ்சுகளும் செத்தன, காரணம் கடலைப் பிண்ணாக்குத் தீவனம். பூசணத்தைத் தட்டிவிட்டு வெயிலில் காயவைத்தாலும், வேகவைத்தாலும் நஞ்சு போகாது. சின்னப் பொட்டலமாக வாங்கி, காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். பூசணம் பிடித்த ரொட்டியை வாத்துக்குப் போடும் பழக்கம் இருந்தால் அதற்கும் இதே பதில்தான்.

கட்டி, குடலிறக்கம், விழுங்கிய ஆணி, திருகு, நாணயம் இவையும் பட்டியலில் உண்டு. மூன்று வயதுக்குக் கட்டி கொஞ்சம் சீக்கிரம், வராது என்றில்லை. குடலிறக்கம் என்றால் இடப்பக்கம் தொங்குவதற்கும் மாவு மாதிரித் தட்டுப்படுவதற்கும் பொருந்தும், அதனால் அதை அமுக்கி உள்ளே தள்ளிப் பார்க்காதீர்கள். உலோகம் விழுங்கியிருந்தால் வயிறு பெருப்பதைவிடக் கால் தளர்வதுதான் முதலில் தெரியும். எக்ஸ்ரே எடுத்தால் சொல்லிவிடும்.

ஆக, என் கணிப்பில் முதலிடம் முட்டைக்குழாய்க் கோளாறும் வயிற்றுக்குள் விழும் மஞ்சள்கருவும், இரண்டாமிடம் கால்புண்ணால் வந்த அமிலாய்டு. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், குழாயில் நாட்பட்ட கிருமி இருந்தாலும் அமிலாய்டு படியும். நீங்கள் அனுப்பிய படத்தில் அல்லி வழக்கத்தைவிட நிமிர்ந்து, பெங்குவின் மாதிரி நிற்கிறாள். வயிற்றுப் பாரம் பின்பக்கம் கீழே இழுப்பதால் அப்படி நிற்கிறாள். எனவே இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். இந்த இரண்டு மூன்று நாளுக்குள் காட்டிவிடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அலகைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூச்சுக்கு ஏற்றபடி வால் ஆடினாலோ, பின்துளையில் சிவப்பாகச் சதை வெளியே தெரிந்தாலோ, எழுந்திருக்க முடியாமல் போனாலோ நாள் பார்க்கவேண்டாம். இரவானாலும் 24 மணி நேர மருத்துவமனைக்குப் போங்கள்.

எல்லா விலங்கு மருத்துவமனையிலும் வாத்து பார்ப்பதில்லை. போவதற்கு முன் தொலைபேசியில் கேளுங்கள்: பறவைகளைப் பார்க்கும் மருத்துவர் இருக்கிறாரா, வாத்தின் வயிற்றை ஸ்கேன் செய்வார்களா. எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோக முடியாது. செல்லப்பிராணிகளை ஏற்றும் வாடகைக் காராகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள், காலை வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். பூனைக்கூடையின் அடியில் தடித்த துண்டு விரித்தால் போதும். தீவனப் பொட்டலத்தின் படம், கடைசியாக முட்டையிட்ட தேதி, அன்றைய எச்சத்தின் படம் மூன்றும் கைப்பேசியில் இருக்கட்டும்.

அங்கே மருத்துவர் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பார்த்து, நீர் இருந்தால் சிறிது எடுப்பார். அதன் நிறத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மஞ்சளாகக் கலங்கி, எண்ணெய்ப்பசையோடு இருந்தால் மஞ்சள்கரு. தெளிந்த வைக்கோல் நிறம் என்றால் கல்லீரல் அல்லது இதயத்தின் பக்கம் சந்தேகம் போகும். ரத்தப் பரிசோதனை கல்லீரலைப் பற்றி ஓரளவு சொல்லும். அமிலாய்டுதான் என்று உறுதி செய்யக் கல்லீரலின் சிறு துணுக்கை எடுத்துச் சாயமேற்றிப் பார்க்கவேண்டும், நலிந்திருக்கும் வாத்துக்கு அது ஆபத்து என்பதால் பல நேரம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

பிழைப்பாளா என்று கேட்டிருக்கிறீர்கள். முட்டைக்கோளாறாக இருந்து, இப்போதே பிடித்துவிட்டால் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. கிருமிக்கும் வலிக்கும் மருந்து கொடுப்பார்கள், முட்டை உருவாவதையே சில மாதங்களுக்கு நிறுத்தும் ஹார்மோன் ஊசியோ தோலுக்கடியில் வைக்கும் சிறு குச்சியோ போடுவார்கள். குழாய் முழுக்கக் கெட்டிருந்தால் அதை அறுவைசெய்து எடுக்கலாம், ஆனால் சினைப்பை உள்ளேயே இருக்கும் என்பதால் அப்புறமும் ஹார்மோன் தேவைப்படலாம். வீட்டில் இருக்கும் பனடோலையோ மிஞ்சிய ஆண்டிபயாட்டிக்கையோ கொடுக்காதீர்கள். மருந்து கொடுக்கும் காலத்தில் அவள் முட்டை போட்டால் சாப்பிடவேண்டாம், எத்தனை நாள் என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

அமிலாய்டு என்றால் மறைக்காமல் சொல்கிறேன், படிந்ததைக் கரைக்க மருந்து இல்லை. கால்புண்ணை ஆற்றி, தரையை மெத்தென்றாக்கி, நீந்தத் தண்ணீர் கொடுத்து, மூச்சு முட்டும்போது நீரை இறக்கி, இருக்கும் வரை வசதியாக வைத்திருக்கலாம். நீர் இறக்கும் இடைவெளி குறுகிக்கொண்டே வந்து, அவள் தண்ணீரில் இறங்க மறுக்கும் நிலை வந்தால், வலியில்லாமல் தூங்கவைப்பதைப் பற்றி மருத்துவர் பேசுவார். பேசினால் கோபப்படாதீர்கள்.

இன்னொரு வாத்தைப் பிரிக்க வேண்டியதில்லை. அல்லிக்கு இருப்பதாக நான் சந்தேகிக்கும் எதுவும் ஒன்றிடமிருந்து ஒன்றுக்குத் தொற்றுவதில்லை, தனியாக விட்டால் இரண்டுமே தீவனத்தைக் குறைத்துவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் சோர்ந்தாலோ, ஒன்று திடீரென்று செத்தாலோ மட்டும் கதை வேறு. அப்போது வெறும் கையால் தொடாமல், தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் விலங்கு நலத்தையும் நோய்களையும் கவனிக்கும் ஏவிஎஸ் பிரிவுக்குத் தெரிவியுங்கள், பறவைக் காய்ச்சல் இல்லை என்று பார்த்தாகவேண்டும். மருத்துவமனைக்குப் போகும்போது இரண்டையும் ஒரே கூடையில் கொண்டுபோங்கள். அல்லி கொஞ்சம் அமைதியாக இருப்பாள், சின்னவளின் பாதத்தையும் அப்படியே காட்டிவிடலாம். அதே தரையில்தானே அவளும் நடக்கிறாள்.